பாசி, ஆவுளியா, சங்காயம்: ராமநாதபுரக் கடலிலிருந்து சூழல் பெண்ணியத்தைப் பார்த்தல்

ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் கரையோரமாக வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளையும், அவற்றைச் சுற்றியுள்ள ஆழம் குறைந்த கடலையும் 1986இல் தமிழக அரசு மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தது. பரப்பு 560 சதுர கிலோமீட்டர். 1989இல் இந்தப் பூங்காவை உள்ளடக்கி 10,500 சதுர கிலோமீட்டர் கடல் உயிர்க்கோளக் காப்பகமானது. 2001இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பக வரிசையிலும் சேர்ந்தது. இந்த அறிவிப்புகள் ஒவ்வொன்றும் வெளிவந்த நாட்களில் பாம்பன், சின்னப்பாலம், மண்டபம் பக்கத்துப் பெண்கள் அதே தீவுகளின் பார்களில், அதாவது கடலடிப் பாறைத் திட்டுகளில், மூழ்கிக் கடற்பாசி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இன்றும் எடுக்கிறார்கள். சட்டத்தின் பார்வையில் அவர்கள் அத்துமீறி நுழைபவர்கள். சூழலியல் பேசும் பலரின் பார்வையில் பவளப்பாறையை மிதித்துக் கெடுப்பவர்கள். பெண்களின் உழைப்பைப் பற்றிப் பேசும் பலருக்கோ இப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது. பெண்ணும் விலங்கும் இயற்கையும் ஒரே ஒடுக்குமுறைக்கு உள்ளானவை என்று சொல்லும் சூழல் பெண்ணியம் இந்தக் கரையில் என்ன சொல்ல முடியும், எங்கே திணறுகிறது என்பதை விளக்குவதுதான் இந்தக் கட்டுரை. சித்தாந்தத்துக்கு முன்னால் வேலையைப் பார்த்துவிடுவோம்.

விடிவதற்கு முன்பே வத்தை என்ற சிறு படகில் ஏறித் தீவுப் பக்கம் போகிறார்கள். சேலைக்கு மேல் பழைய சட்டை, கண்ணுக்கு நீச்சல் கண்ணாடி. பார் கிழிக்காமலிருக்க விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, காலில் செருப்பைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் வலைப்பையோடு இறங்குவார்கள். பிராணவாயுக் குழாய் எதுவும் கிடையாது. மூச்சை அடக்கி மூழ்கி, பாரில் ஒட்டியிருக்கும் பாசியைக் கையால் பறித்து, மேலே வந்து மூச்சு வாங்கி, மறுபடி மூழ்க வேண்டும். மணிக்கணக்கில் இதுதான். சொறிமீன் பட்டால் உடம்பு தடிக்கும், முள்ளும் பாரும் காலைக் கிழிக்கும். உப்புத் தண்ணீரில் ஊறிய காயம் ஆறுவதற்குள் அடுத்த முறை இறங்க வேண்டியிருக்கும். படகில் கழிப்பறை இல்லை. மாதவிடாய் நாட்களிலும் இதே தண்ணீர்தான். கரைக்கு வந்தபின் பாசியை உலர்த்த வேண்டும், வீட்டில் சமைக்க வேண்டும், பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். விலையைச் சொல்வது வியாபாரி.

எடுக்கும் பாசிகளில் முக்கியமானவை நான்கு. மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி இரண்டிலிருந்தும் அகர் என்ற கூழ்ப்பொருள் கிடைக்கிறது. கட்டக்கோரை, பக்கோடா பாசி இரண்டிலிருந்தும் ஆல்ஜினேட் என்ற இன்னொரு கூழ்ப்பொருள் கிடைக்கிறது. மதுரை வட்டாரத்து ஆலைகளில் அகர் காய்ச்சப்படுகிறது. ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் தட்டிலும், ஐஸ்கிரீமிலும், துணிச் சாயத்திலும், மருந்து மாத்திரையிலும் இவை போய்ச் சேருகின்றன. ரமலான் மாதத்தில் கீழக்கரையிலும் தமிழ்நாட்டின் பல ஊர்களிலும் நோன்பு திறக்கும்போது தட்டில் குலுங்கும் கடல்பாசி இனிப்பும் இந்த வகைப் பாசியின் அகர்தான். 1960களின் நடுவிலிருந்தே இது வணிகமாக நடக்கிறது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரு தொழிலுக்கு மூலப்பொருளைத் தந்தவர்கள் மீனவர் என்ற கணக்கிலும் முழுதாக வரவில்லை, தொழிலாளர் என்ற கணக்கிலும் முழுதாக வரவில்லை. கடலோர வாழ்வைப் பற்றிப் பேசும்போது மீனவர் என்றதும் நம் மனத்தில் எழுவது படகில் நிற்கும் ஆண்தான்.

நெய்தல் பாடல்களில் பெண்ணின் வேலை மறைந்து கிடக்கவில்லை. அறுத்துக் காயவைத்த சுறாவைப் பறவை கொத்தாமல் விரட்டிக் காத்துக்கொண்டிருக்கும் பரதவர் வீட்டுப் பெண்கள் நற்றிணையில் வருகிறார்கள். தேரில் வந்து காதல் பேசுகிற செல்வர் வீட்டு மகனிடம், எங்கள் மேல் புலவு நாறும், தள்ளி நில்லுங்கள் என்கிறாள் தோழி. அந்தச் சொற்களில் வர்க்கமும் இருக்கிறது, வேலையும் இருக்கிறது. கருவாடு காயவைப்பதும், தரம் பிரிப்பதும், தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்பதும் இன்றைக்கும் இந்தக் கரையில் பெரும்பாலும் பெண்கள் வேலை. கடலைத் தாய் என்று கும்பிட்டாலும் பெண்ணைப் படகில் ஏற்றுவது ஆகாது என்ற நம்பிக்கை பல மீனவ ஊர்களில் இருந்தது, சில இடங்களில் இன்னும் இருக்கிறது. இயற்கையைப் பெண்ணாக வணங்குவதால் பெண்ணுக்கு அந்த இயற்கையில் உரிமை வந்துவிடாது என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. சூழல் பெண்ணியம் என்ற பெயரை 1974இல் பிரெஞ்சு எழுத்தாளர் பிரான்சுவாஸ் தோபோன் வழக்குக்குக் கொண்டுவந்தார். மண்ணின் வளத்தையும் பெண்ணின் உடலையும் ஒரே ஆணாதிக்கம்தான் சுரண்டுகிறது என்பது அவர் வாதத்தின் மையம். அதே ஆண்டில்தான் உத்தராகண்ட் மலையில் ரேணி கிராமத்துப் பெண்கள் கௌரா தேவி தலைமையில் மரங்களைக் காக்கத் திரண்டார்கள். பின்னர் வந்தனா சிவா 1988இல், பெண்களே இயற்கையின் படைப்பாற்றலோடு இயல்பாக இணைந்தவர்கள், மேலை அறிவியலும் வளர்ச்சித் திட்டங்களும் அந்த இணைப்பை அறுக்கின்றன என்று எழுதினார். உலகம் முழுக்க எடுபட்ட வாதம் இது.

1992இல் பொருளாதார அறிஞர் பீனா அகர்வால் இதற்கு எழுதிய மறுப்பு எனக்கு இந்தக் கரைக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. பெண் என்று பொத்தாம்பொதுவாக ஒருத்தி இல்லை என்றார் அவர். நிலம் உள்ளவள், நிலமற்றவள், உயர்சாதிக்காரி, தலித் என்று வேறுபாடு இருக்கிறது. விறகும் தண்ணீரும் தீவனமும் சேகரிக்கும் வேலை யார் தலையில் விழுகிறதோ அவர்களுக்குத்தான் காட்டைப் பற்றிய அறிவும் வருகிறது, காடு அழியும்போது முதல் அடியும் விழுகிறது. பிறப்பில் வரும் பாசம் அல்ல அது, பிழைப்பில் வரும் உறவு. பாம்பனில் வாடகைக்கு விசைப்படகு விடும் குடும்பத்துப் பெண்ணுக்கும், அதே ஊரில் மரிக்கொழுந்து எடுக்க மூழ்கும் பெண்ணுக்கும் கடல் ஒன்றல்ல. இருவரும் ஒரே கோயில் திருவிழாவில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கலாம். பார் எங்கே உயர்ந்திருக்கிறது, கச்சான் காற்று அடிக்கும் மாதத்தில் எந்தத் தீவின் எந்தப் பக்கம் தண்ணீர் தெளிந்திருக்கும், போன வருடம் எடுத்த இடத்தில் பாசி முழுதாகத் தழைத்துவிட்டதா என்பது இரண்டாமவளுக்குத்தான் தெரியும்.

இந்த அறிவு விதிகளாகவும் மாறியிருக்கிறது. பாசி எடுக்கும் பெண்கள் சங்கமாகச் சேர்ந்து தங்களுக்கே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள்தான் கடலில் இறங்குவது, அமாவாசையை ஒட்டி 6 நாள், பௌர்ணமியை ஒட்டி 6 நாள். இரும்புச் சுரண்டியைப் பயன்படுத்துவதில்லை, கையால் மட்டும் பறிப்பது. அடிப்பற்று பாரிலேயே இருந்தால் பாசி மறுபடி வளரும். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் வரும்போது தாங்களும் பாசி எடுப்பதை நிறுத்திக்கொள்வது. அந்தத் தடை முதலில் 45 நாளாக இருந்தது, 2017 முதல் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள். பாசிக்கு அது தழைக்கும் காலம். இப்படி ஒழுங்குபடுத்தியதில் முன்நின்ற சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு தன் விருதைக் கொடுத்தது. தீவுகளையும் அவற்றின் கடலையும் காப்பவர்களுக்கு அளிக்கப்படும் விருது அது.

அந்த விருதைப் பெற்ற வேலையே உள்ளூரில் சட்டமீறல். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சரணாலயம் வேறு, தேசியப் பூங்கா வேறு. சரணாலயத்துக்குள் சில உரிமைகளை அனுமதிக்க இடம் இருக்கிறது. தேசியப் பூங்கா என்றால் மக்களின் உரிமைகள் அனைத்தும் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டாக வேண்டும். இரண்டாயிரத்தின் தொடக்கத்திலிருந்து கண்காணிப்பு இறுகியது. பெண்களைக் கடலிலேயே மறித்துப் பாசி மூட்டையைப் பறிமுதல் செய்வதும், அபராதம் போடுவதும், திருப்பி அனுப்புவதும் நடந்ததாக அவர்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லிவருகிறார்கள். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தேசியப் பூங்காக்களையும் தன் வரையறைக்குள் வைத்திருக்கிறது. ஆனால் அது மரமும் மலையும் உள்ள காட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. தண்ணீருக்கடியில் தலைமுறையாகப் போய்வந்த இடத்துக்கு எந்தக் காகிதத்தைச் சான்றாகக் காட்டுவது?

இங்கே பாதுகாப்பு வேண்டாம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பவளக்கல்லை வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் விற்ற காலம் இந்தக் கரைக்கு உண்டு. 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் கடலுக்குள் அமிழ்ந்துவிட்டன, பவளம் வெட்டியது அதற்கு ஒரு பெரிய காரணம். 2001இல் பவளமும் கடல் அட்டையும் கடல் குதிரையும் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குப் போனது சரியான முடிவு. பாசி எடுக்கும்போது பாரில் கால் வைப்பதால் பவளம் உடைகிறது என்பதும் பொய்யில்லை. என் கேள்வி அளவைப் பற்றியது. 1998, 2010, 2016 என்று கடல் சூடேறிப் பவளம் வெளுத்த ஆண்டுகளில் அழிந்ததை எந்தப் பாசிக்காரியின் காலும் அழிக்கவில்லை. கடலடியை வழித்துக்கொண்டு போகும் இழுவைமடி வலையும் அவர்கள் கையில் இல்லை. ஆனாலும் பிடிபடுவது எளிதானவர்கள் அவர்கள்தான். வேகமாக ஓடும் எஞ்சின் இல்லை, பின்னால் நிற்கும் படகு உரிமையாளர் சங்கம் இல்லை.

இன்னொரு கதையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிலிப்பைன்ஸ் பக்கத்துக் கப்பாபைக்கஸ் என்ற பாசியை மண்டபத்தில் உள்ள மத்திய அரசு ஆய்வு நிலையம் கொண்டுவந்து வளர்த்துப் பார்த்தது. 2000ஐ ஒட்டி பெப்சி நிறுவனம் இதை ஒப்பந்த முறையில் கையில் எடுத்தது. மூங்கில் மிதவையில் கயிறு கட்டி, கயிற்றில் விதைப்பாசி கட்டி, 45 நாளில் அறுவடை. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வழியாகப் பரவியதால் பெண்களின் முன்னேற்றம் என்ற பெயரும் கிடைத்தது. 2005இல் தமிழக அரசு இதைப் பூங்காப் பகுதியை விட்டு விலக்கிப் பாக் நீரிணையின் வடக்குப் பக்கத்துக்கும் தூத்துக்குடிக்குத் தெற்கே உள்ள கடலுக்கும் மட்டும் கட்டுப்படுத்தியது. 2008இல் குருசடைத் தீவின் பவளத்தின் மேல் இந்தப் பாசி படர்ந்து மூடுவதாக அறிவியலாளர்கள் எழுதினார்கள். ஒளி கிடைக்காத பவளம் சாகும். கையால் பறிக்கும் பெண்ணை வெளியே நிறுத்திய காலத்தில்தான் பவளத்தையே மூடும் பாசி உள்ளே வந்தது. வளர்ப்பில் ஈடுபட்ட பெண்களை இதற்காகக் குறை சொல்வது நியாயமில்லை. மூழ்குவதைவிட வளர்ப்பு பாதுகாப்பானது, நாளுக்கு நாள் வருமானமும் தெரியும். எந்தப் பாசி, எந்தக் கடலில், யார் பொறுப்பில் என்ற முடிவுகளில் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. இப்போது தொண்டி அருகே வளமாவூரில் 127 கோடி ரூபாய் அளவில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்கா எழுகிறது, 2023இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கேயும் இதே கேள்விகள் காத்திருக்கின்றன.

இதுவரை சொன்னதில் பெண்ணும் கடலும் இருக்கின்றன, விலங்கு இல்லை. பீனா அகர்வாலின் பார்வைக்கு உள்ள குறை இதுதான் என்று நினைக்கிறேன். வளம், பிழைப்பு, உரிமை என்ற சொற்களில் மீனும் ஆமையும் எப்போதும் பங்கு போட வேண்டிய பொருளாகவே நிற்கும். அவற்றுக்கும் வலி உண்டு, அவற்றுக்கும் ஒரு வாழ்க்கை உண்டு என்பதை எடுத்துச் சொன்னவர்கள் பெண்ணியத்தின் வேறொரு கிளையினர். ஆஸ்திரேலியாவின் வால் பிளம்வுட், ஆண் – பெண், அறிவு – உடல், மனிதன் – விலங்கு என்ற இரட்டைகள் எல்லாம் ஒரே வார்ப்பில் வந்தவை என்றார். மேலே இருப்பவன் கீழே இருப்பவரைச் சார்ந்தே வாழ்கிறான், அந்தச் சார்பை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டான். அவர்கள் வேலையையும் உயிரையும் பின்னணியாக்கி மறைத்துவிடுவான். 1985இல் காக்கடு பூங்காவில் முதலையிடம் சிக்கி மீண்டவர் பிளம்வுட், மனிதனும் இன்னோர் உயிருக்கு இரைதான் என்பதைத் தன் உடம்பில் அறிந்தவர். அமெரிக்காவின் கரோல் ஆடம்ஸ் 1990இல் வேறொன்றைக் கவனித்தார். இறைச்சி என்று தட்டில் வரும்போது கொல்லப்பட்ட விலங்கு காணாமல் போய்விடுகிறது. முட்டையும் பாலும் பெண் விலங்கின் ஈனும் திறனை இயந்திரமாக்கிப் பெறுவது என்றும் சுட்டினார்.

இந்த இரண்டு கருத்துகளையும் ராமேசுவரம் இறங்குதளத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு நீண்ட சங்கிலி தெரியும். அதன் முதல் கண்ணி சங்காயம். இழுவைமடியில் இறாலோடு சேர்ந்து வரும் குஞ்சு மீன், சின்ன நண்டு, விலைபோகாத எல்லாவற்றுக்கும் இந்தக் கரையில் அதுதான் பெயர். வளர்ந்திருந்தால் நல்ல விலைக்குப் போயிருக்கும் மீன்களின் குஞ்சுகள் அதில் ஏராளம். பெட்டி பெட்டியாகக் கொட்டி, தரம் பிரித்து, மணலில் காயவைக்கும் வேலையில் பெண்கள் இருக்கிறார்கள். கூலி குறைவு, வெயிலும் நாற்றமும் அதிகம். காய்ந்த சங்காயம் அரைபட்டுக் கோழித்தீவனத்துக்குப் போகிறது. நாமக்கல் பண்ணைகளின் முட்டைக்கோழிகள் கூண்டில் நின்றபடி இதைத் தின்கின்றன. காட்டுக்கோழி ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டைதான் இடும். அதன் வழிவந்த பண்ணைக்கோழியை 300 அளவில் இடும்படி இனப்பெருக்கம் செய்திருக்கிறோம், அதற்கான சுண்ணாம்பில் ஒரு பங்கு அதன் எலும்பிலிருந்தே உருவப்படுகிறது. முட்டையினத்தில் பிறக்கும் சேவல் குஞ்சுகள் பயனில்லை என்று பிறந்தவுடன் கழிக்கப்படுகின்றன. அந்த முட்டைதான் தமிழ்நாட்டுச் சத்துணவுக் கூடத்தில், பாம்பனிலும் சாயல்குடியிலும் பள்ளிக்குப் போகும் பிள்ளையின் தட்டில் வருகிறது. வைப்பது ஒரு பெண், பெரும்பாலும் சொற்ப ஊதியத்துக்கு.

இந்தச் சங்கிலியில் யாரைக் குற்றம் சொல்வது? பிள்ளைக்கு முட்டை வேண்டும். மெலிந்த பிள்ளைகள் உள்ள ஊரில் அந்த ஒரு முட்டையைப் பறிக்கச் சொல்லும் எந்தத் தத்துவத்தையும் நான் ஏற்க மாட்டேன். ஆனால் பாக் நீரிணையின் குஞ்சு மீனும், காயவைக்கும் பெண்ணின் முதுகும், கூண்டுக்கோழியின் எலும்பும் சேர்ந்துதான் அந்த முட்டை மலிவாகக் கிடைக்கிறது. மலிவு என்று நாம் சொல்வதன் விலையைக் கட்டுபவர்கள் யார் யார் என்று ஒரே பார்வையில் காட்டுவதற்குப் பெண்ணியத்தைவிட நல்ல கருவியை நான் பார்க்கவில்லை. மீன்வளக் கணக்கு டன்னைச் சொல்லும். விலங்குநலம் கூண்டைப் பற்றிப் பேசும், தொழிற்சங்கம் கூலிக்குப் போராடும். மூன்றையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் வேலை இல்லை.

ஆவுளியாவின் நிலை வேறு. கடற்பசு என்றும் சொல்வார்கள். கடற்புல்லை மேயும் பாலூட்டி, மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். வலையில் மாட்டி மேலே வர முடியாவிட்டால் மூழ்கிச் சாகும். தாய் சுமார் 13 முதல் 15 மாதம் சினையாக இருந்து ஒரே ஒரு கன்று ஈனும், ஒன்றரை ஆண்டு வரை பால் கொடுக்கும், அடுத்த ஈற்றுக்குச் சில ஆண்டுகள் ஆகும். எல்லாம் நன்றாக இருந்தாலும் கூட்டம் ஆண்டுக்கு 5 சதவீதத்துக்கு மேல் பெருகாது. ஆண்டுக்குச் சில வளர்ந்த பெண் ஆவுளியாக்கள் செத்தாலே கூட்டம் சரியத் தொடங்கிவிடும். இந்தக் கரையில் அதன் இறைச்சிக்காக வேட்டை நடந்தது. தடைசெய்யப்பட்ட பிறகும் கரை ஒதுங்கிய உடல்களும் பறிமுதல் செய்திகளும் வந்தபடியே இருந்தன. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரில் நாட்டின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்டது. வலையில் சிக்கிய ஆவுளியாவை அறுத்து விடுவிக்கும் மீனவர்களும் இந்தக் கரையில் இருக்கிறார்கள். வலை போனால் நட்டம் அவர்களுக்குத்தான். அவர்களைப் பற்றி நாம் இன்னும் அதிகம் பேச வேண்டும். அக்கறை என்பதைப் பெண்ணின் குணமாக மட்டும் எழுதிவைத்தால் இந்த ஆண்களின் கையில் நடப்பது நம் கண்ணில் படாது.

பெண்ணின் இயல்பு, ஆணின் இயல்பு என்று இயற்கையைச் சாட்சிக்கு அழைப்பவர்களுக்கு இந்தக் கடல் ஒத்துழைப்பதில்லை. கடல் குதிரையில் முட்டையைப் பையில் சுமந்து குஞ்சு பொரித்து வெளிவிடுவது ஆண். கடலாமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு முடிவு செய்கிறது, சூடு கூடினால் பெண் குஞ்சுகள் கூடும். புவி வெப்பம் உயர உயர உலகின் சில கரைகளில் ஏறத்தாழ எல்லாக் குஞ்சும் பெண்ணாகவே பொரிவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இயற்கையிடம் ஒழுக்க விதி கேட்கப் போனால் கிடைக்காது.

விலங்கின் பக்கம் நிற்பது நம் நாட்டில் இன்னொரு சிக்கலோடு வருகிறது. விலங்குவதைத் தடுப்புக்காக இந்திய நாடாளுமன்றத்தில் உரத்துப் பேசியவர் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல். 1953இல் மாநிலங்களவையில் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் தொடர்ச்சியாகத்தான் 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962இல் சென்னையில் தொடங்கிய விலங்குநல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. தமிழ்ப் பெண் ஒருவரின் பெரும்பணி, நாம் அதிகம் பேசாத பணி. அதே நேரம் விலங்கின் மேல் கருணை என்பது இந்தியாவில் சைவ உணவோடும், சைவ உணவு சாதித் தூய்மையோடும் பின்னிக் கிடக்கிறது. மீன் வாடை வருகிறது என்று வாடகைக்கு வீடு மறுக்கப்பட்ட மீனவக் குடும்பத்திடம் போய், மீன் தின்பது ஆணாதிக்கம் என்று சொன்னால் அங்கே பேச்சு முறிந்துவிடும், முறியவும் வேண்டும். கருவாட்டுக் கூடையோடு பேருந்தில் ஏறும் பெண்ணை நடத்துநர் இறக்கிவிடுவதும் இதே அருவருப்பின் இன்னொரு முகம். சங்கப் பாட்டுப் பெண் பெருமிதத்தோடு சொன்ன புலவு நாற்றம் இன்று அவமானமாக்கப்பட்டிருக்கிறது.

அதற்காக விலங்கை விட்டுவிட முடியாது. சுவையையும் சாதியையும் விட்டு வலியிலிருந்து தொடங்கினால் இரண்டு பக்கமும் பேச முடியும் என்று நம்புகிறேன். மீன் தின்னும் ஒருவர் குஞ்சு மீனை அள்ளும் மடியை எதிர்க்கலாம். ஆவுளியாக் கறியைத் தவறு என்று ஏற்கலாம். கோழிக்குக் கூண்டு பெரிதாக வேண்டும் என்று கேட்கலாம். நற்றிணையில் இன்னொரு பெண் இருக்கிறாள். விளையாட்டாக மணலில் புதைத்த புன்னைக் கொட்டை முளைத்துவிட, நெய்யும் பாலும் ஊற்றி வளர்த்ததால், அது உனக்கு உடன்பிறந்தவள் என்று தாய் சொல்லிவைக்கிறாள். பிறகு அந்த மரத்தடியில் காதலனோடு சிரித்துப் பேச அவளுக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த உறவு ரத்தத்தில் வந்ததில்லை, ஊற்றி வளர்த்ததில் வந்தது. பாரைத் தொட்டுத் தொட்டுப் பழகிய கைக்கும் அப்படி ஒரு கூச்சம் வரும். அடிப்பற்றைப் பிடுங்காதே என்ற விதியை எந்த அலுவலரும் அந்தப் பெண்களுக்கு எழுதிக் கொடுக்கவில்லை.

இனி நடைமுறைக்கு வருவோம். குஜராத், நேபாளக் காட்டுக் குழுக்களை ஆராய்ந்த பீனா அகர்வால், நிர்வாகக் குழுவில் பெண்கள் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் வந்தபிறகுதான் அவர்கள் குரல் எடுபடத் தொடங்குகிறது, பெண்கள் கூடுதலாக இருந்த குழுக்களின் காடும் மேம்பட்டது என்று 2010இல் எழுதினார். ஒருத்தியைப் பெயருக்கு உட்காரவைத்தால் பயனில்லை. பாக் நீரிணையில் விசைப்படகுக்கு எந்த நாள், நாட்டுப்படகுக்கு எந்த நாள் என்று பிரிக்கும் பேச்சுவார்த்தைகள் ஆண்களின் சங்கங்களுக்கு இடையில் நடப்பவை. கடலோர ஊர்க் கமிட்டிகளிலும் பெண்ணுக்கு நாற்காலி கிடைப்பது அரிது. அந்த நாட்கணக்கில் பாசிக்கு ஒரு நாளும், கரைப் பெண்களுக்கு ஒரு சொல்லும் இடம்பெறவில்லை.

பாதுகாக்கப்பட்ட பகுதிகள் கூடிக்கொண்டே போகின்றன. 2025 ஜூனில் தனுஷ்கோடியில் பூநாரைகளுக்காக 524 ஹெக்டேருக்கு மேல் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 1964 புயல் துடைத்துப்போட்ட இடத்தில், அதற்குப் பிறகும் வலை இழுத்து வாழ்பவர்கள் இருக்கிறார்கள். பூநாரைக்கு அந்தச் சேற்றுநிலம் வேண்டும், ஐயமில்லை. அது சரணாலயம் என்பதால் அங்கே யாருக்கு என்ன உரிமை என்பதைக் கேட்டு முடிவு செய்ய ஆட்சியருக்கு வழி இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் தேசியப் பூங்கா என்ற முத்திரை அந்த வழியை அடைத்துவிட்டது. பாசி எடுக்கும் பெண்கள் கேட்பது பூங்காவை நீக்கச் சொல்லி அல்ல. தாங்கள் வைத்துக்கொண்ட 12 நாள் கணக்கையும், தடைக்கால நிறுத்தத்தையும், கையால் மட்டும் பறிக்கும் முறையையும் பூங்காவின் மேலாண்மைத் திட்டத்திலேயே எழுதி, அதன்படி நடப்பவர்களுக்கு அடையாள அட்டை கொடுத்தால் போதும். மீறுபவர் யார் என்று காட்டவும் அவர்களால் முடியும், விடியற்காலையில் அந்தத் தீவுகளைச் சுற்றி இருப்பவர்கள் அவர்கள்தானே.